மஞ்சள் வைன் போன வீடுகள்

என் பெயர் சவிரிமுத்து. ஊர் மட்டக்களப்பு. மொன்றியலில் பார்க் எக்ஸ்டென்ஷன் பக்கம் ஒரு மூன்றாம் மாடியில் மனைவி றஜனியோடு இருக்கிறேன். பிரெஞ்சு வைன் இறக்குமதி செய்யும் ஒரு சின்னக் கம்பனியில் வான் ஓட்டுகிறேன். முதல் விவரங்களை எங்கள் ஆட்கள் தலையாட்டிக் கேட்பார்கள். கடைசியைக் கேட்டதும் குரலைத் தாழ்த்தி, "விஸ்கி எடுக்கலாமா?" என்பார்கள். இல்லை, வைன் மட்டும்தான் என்று நான் சொன்னால், அதுவரை இருந்த மரியாதை அந்த இடத்திலேயே இறங்கிவிடும். எங்கள் கணக்கில் வைன் குடிக்கிற சாமானில் சேர்த்தியில்லை. பூசையில் சுவாமியார் குடிப்பார். கிறிஸ்மஸ் அன்று பெண்களுக்குச் சின்னக் கிளாசில் கொடுக்கலாம். ஆண்கள் குடிப்பது வேறு சாமான். அதையும் கலியாண மண்டபத்துக்கு வெளியே, காரின் டிக்கியைத் திறந்து வைத்து, குளிரில் நடுங்கி நடுங்கிக் குடித்தால்தான் குடித்த மாதிரி இருக்கும்.

நான் இந்தத் தொழிலுக்கு வந்தது திறமையால் அல்ல, முதுகால். அகதியாக வந்த புதிதில் டுலுத் வீதியில் ஒரு உணவகத்தில் கோப்பை கழுவினேன். சாப்பிட வருகிறவர்கள் தங்கள் வைனைத் தாங்களே கொண்டு வரும் உணவகம் அது. என் பிரெஞ்சு முழுவதும் அந்தக் குசினியில் கற்றது. தலைமைச் சமையற்காரன் நாள் முழுக்க நற்கருணைப் பேழையையும் திருக்கிண்ணத்தையும் கூவி அழைத்துக்கொண்டே இருந்தான். கத்தோலிக்கனான நான், இவ்வளவு பக்தியுள்ள மனிதனின் கீழ் வேலை கிடைத்ததே என்று உருகிப் போனேன். கியூபெக்கில் கோபம் வந்தால் கோயில் சாமான்களைச் சொல்லித்தான் திட்டுவார்கள் என்று விளங்க எனக்கு ஒரு மாரிகாலம் முழுவதும் எடுத்தது.

அந்த உணவகத்துக்குச் சாப்பிட வரும் ஷந்தால் என்ற பெண், ஒரு நாள் நான் உருளைக்கிழங்கு மூட்டைகளை இரண்டிரண்டாகத் தூக்கிக்கொண்டு நிலவறைப் படியில் இறங்குவதைப் பார்த்தார். அடுத்த மாதமே நான் அவருடைய வான் சாரதி. ஜான்-டலோன் சந்தைக்குப் பின்னால் அவருக்கு ஒரு சின்ன அலுவலகமும் ஒரு களஞ்சியமும் இருந்தன. அவர் வரவழைப்பதெல்லாம் பிரான்சின் மூலை முடுக்குகளில், ஒரு குடும்பம் மட்டும் நடத்துகிற சின்னத் தோட்டங்களின் வைன். தகப்பன் கொடியை வெட்டுவார், மகன் பழத்தைப் பிழிவான், தாய் கணக்குப் பார்ப்பாள், மருமகள் லேபல் ஒட்டுவாள். நாய் மட்டும் சும்மா படுத்திருக்கும், அதற்கும் லேபலில் படம் இருக்கும். இங்கே வைன் விற்கிற அரசாங்கக் கடைகளின் தட்டுகளுக்குப் போதுமான அளவு அவர்களிடம் இருக்காது. அதனால் உணவகங்களும் பிரியப்பட்ட ஆட்களும் எங்களிடம் பெட்டிக் கணக்கில் சொல்லி எடுப்பார்கள். நான் கொண்டு போய் இறக்குவேன்.

இரண்டாயிரத்து மூன்றில் ஒரு மாலை எனக்குத் தலைக்கனம் பிடித்தது. ஷந்தால் வருடத்துக்கு ஒரு தடவை அந்தத் தோட்டக்காரர்களை வரவழைத்து, பழைய மொன்றியலில் ஒரு மண்டபத்தில் வரிசையாக மேசை போட்டு நிறுத்தி, வாடிக்கையாளர்களுக்கு ருசி காட்டுவார். நான் கிளாஸ் அடுக்குகிறவன். கடைசி மேசையில் முசியே அர்மான் என்று ஒருவர். பிரான்சின் கிழக்கு ஓரம், ஜூரா மலைப் பக்கத்தவர். அறுபது வயதிருக்கும். மேசன்மாரின் கை, கைக்குப் பற்றாத கோட்டு. அவரிடம் இருந்தது மஞ்சள் வைன். பீப்பாயில் ஊற்றி ஆறு வருடத்துக்கு மேல் அப்படியே விட்டுவிடுவார்களாம். குறைந்தாலும் நிரப்ப மாட்டார்களாம். மேலே பால் ஆடை மாதிரி ஒன்று படியுமாம். வேறு இடத்தில் என்றால் பழுதாய்ப் போச்சு என்று வெளியே ஊற்றுவார்கள், இவர்களுக்கு அதுதான் வேலை முறை. வந்தவர்கள் மணந்து பார்த்தார்கள், மூக்கைச் சுருக்கினார்கள், அடுத்த மேசைக்குப் போய்விட்டார்கள். ஆள் இல்லாத குறைக்கு அவர் எனக்கு ஊற்றினார்.

நான் மணந்தேன். "வெந்தயம்" என்றேன். கனடாவில் பைக்கற்றுகளிலெல்லாம் பிரெஞ்சிலும் பெயர் இருப்பதால் பலசரக்கு பிரெஞ்சு எனக்குத் தண்ணீர் பட்ட பாடு. "மீன் குழம்பு தாளிக்கிற மணம்" என்றும் சேர்த்துச் சொன்னேன். மனிதர் மேசையைச் சுற்றி ஓடி வந்து என்னைக் கட்டிப் பிடித்தார். அதுதானாம், அதேதானாம், அந்த வைனில் வெந்தயம்தான் மணக்குமாம். மண்டபம் முழுவதும் திரும்பிப் பார்த்தது. அதற்குப் பிறகு என் கால் தரையில் படவில்லை. ஷந்தாலும் நம்பி, அடுத்த மாதங்களில் என்னைப் பெரிய இடத்துச் சுவை பார்ப்புகளுக்குக் கூட்டிப் போனார். நான் சிவப்பு வைனை மணந்து வெந்தயம் என்றேன். நுரை வைனை மணந்து வெந்தயம் என்றேன். மூன்றாவது இடத்தில் அவர் என் காதருகே குனிந்து, "வானுக்குப் பக்கத்தில் நில், சவிரி, பொலிஸ்காரர் தண்டம் எழுதப் போகிறார்கள்" என்றார். நிபுணர் சவிரிமுத்துவின் சரித்திரம் அதோடு முடிந்தது.

ஆனால் அர்மான் என்னைக் கைவிடவில்லை. அந்த முறை ஊர் திரும்ப முதல் எங்கள் வீட்டுக்கு வந்து றஜனியின் மீன் குழம்பைச் சாப்பிட்டார். போகும்போது ஒரு போத்தலைக் கையில் தந்தார். குட்டைப் போத்தல். லேபல் கிடையாது. வெள்ளைப் பூச்சால் 76 என்று எழுதி, வாயை மெழுகால் அடைத்திருந்தது. அந்த வருடத்துப் பழம்தான் அவருடைய அப்பா கடைசியாகப் பறித்த பழம். அது பீப்பாயில் கிடக்கும்போதே அப்பா செத்துப் போனார். போத்தலில் அடைத்தது மகனான அர்மான். "இருட்டான, குளிர்ச்சியான இடத்தில் படுக்க வை. ஒரு நாள் வருவேன். இரண்டு பேரும் சேர்ந்து குடிப்போம்" என்றார். நான் நெஞ்சில் கைவைத்துச் சத்தியம் செய்தேன்.

எங்கள் வீட்டில் இருட்டும் குளிரும் சேர்ந்த இடம் ஒன்றே ஒன்றுதான் இருந்தது, வெளிச்சுவரோடு ஒட்டிய அலுமாரி. அது றஜனியின் இராச்சியம். எங்கள் ஆட்களுக்குக் கிடைக்கிற பரிசுகள் எல்லாம் அதற்குள்தான் தங்கும். சுவர் மணிக்கூடு, கண்ணாடிக் கிளாஸ் செட், போர்வை. யாரும் பரிசைப் பிரிப்பதில்லை. அடுத்த பிறந்தநாளுக்கோ புது வீட்டுக் குடிபூரலுக்கோ அது புதுத்தாள் சுற்றிக்கொண்டு புறப்படும். மொன்றியலில் சில மணிக்கூடுகள் என்னைவிட அதிக வீடு பார்த்தவை. தந்தவருக்கே திருப்பிப் போய்விடக் கூடாது என்பது ஒன்றுதான் சட்டம். றஜனிக்கு எது யார் தந்தது என்று எல்லாம் மனப்பாடம். அங்கேதான் போத்தலைப் படுக்க வைத்தேன். அவளிடம் சொல்லவும் செய்தேன். ஆனால் நான் சொன்ன விதம் அப்படி. ஜூரா மலையில் தொடங்கி, பீப்பாய்க்கு வந்து, ஆடை படிகிற கட்டத்தில் இருக்கும்போதே அவள் எழும்பி அரிசி களையப் போய்விட்டாள்.

ஐந்து வருடம் போனது. இரண்டாயிரத்து எட்டு வைகாசியில் ஒரு காலை, ஷந்தால் களஞ்சியத்துக்கு வந்தார். "அர்மான் போன் எடுத்தார். தோட்டத்தை விடுகிறாராம். நடத்த வீட்டில் ஆள் இல்லை, பக்கத்துத் தோட்டக்காரர் எடுக்கிறார். கடைசியாக ஒரு தடவை வருகிறார்" என்றார். எனக்குச் சந்தோசம், கவலை இரண்டும் வந்தன. பிறகு அவர் இன்னொன்றும் சொன்னார். ஆலங்கட்டி மழை கொட்டித் தோட்டம் நாசமான வருடத்தில், மிஞ்சியிருந்த 76 எல்லாவற்றையும் அர்மான் ஒரு சேகரிப்பாளருக்கு விற்றுவிட்டாராம், அந்த ஆள் அவற்றை ஏலத்தில் விட்டு எங்கெங்கோ போய்விட்டனவாம். "இப்போது அவருக்குத் தெரிந்து உலகத்தில் மிச்சம் உன்னுடையதுதான். அதைக் குடிக்கத்தான் வருகிறாராம். சனிக்கிழமை மத்தியானம் உன் வீட்டில்."

வீட்டுக்கு வந்து அலுமாரியைத் திறந்தேன். மணிக்கூடு இருந்தது, போர்வை இருந்தது, போத்தலைக் காணவில்லை.

"றஜனி, இதுக்குள்ள ஒரு போத்தல் படுக்க வெச்சன்."

"அந்தக் குட்டைப் போத்தலா? அருள்நேசன் அண்ணன்ட குடிபூரலுக்குக் குடுத்திட்டன்."

"ஐயோ, அது என்ட உயிரடி!"

"உயிரெண்டா அத ஏன் பரிசு அலுமாரிக்குள்ள வெச்சீங்க?" என்றாள்.

அன்றைக்கே அருள்நேசன் புது வீடு வாங்கிய லவாலுக்குப் போனோம். அருள்நேசன் என்னோடு படித்தவன். ஆனால் கொடுத்த பரிசைத் திருப்பித் தா என்று எப்படிக் கேட்பது? தேத்தண்ணி வந்தது. ரோல்ஸ் வந்தது. நிலவறையில் புதிதாய்ப் போட்ட பலகைத் தரையைக் காட்டினான், பார்த்தேன். கொல்லையில் தக்காளிக்குக் கொத்தி வைத்த பாத்தியைக் காட்டினான், அதையும் பார்த்தேன். கடைசியில் சும்மா கேட்பவன் போல, "அண்டைக்கு நாங்க தந்த வைன் எப்பிடி மச்சான்?" என்றேன்.

"அதுவா? அண்டைக்கே உடைச்சுக் குடிச்சிட்டமே. சோக்கான சாமான். தேன் மாதிரி இனிப்பு."

அந்த வைனில் மருந்துக்கும் இனிப்பு இல்லை. அவன் பொய் சொல்கிறான் என்று எனக்குத் தெரிந்தது. வேறு ஆளுக்குக் கொடுத்துவிட்டேன் என்று என் முகத்தைப் பார்த்துச் சொல்ல அவனுக்குக் கூச்சம். நீ குடிக்கவில்லை என்று சொல்ல எனக்குக் கூச்சம். இரண்டு பேரும் அந்த இனிப்பைக் கொஞ்ச நேரம் மாறி மாறிப் புகழ்ந்தோம். அதற்குள் அவன் மனைவி கஜந்தி குசினியில் வைத்து றஜனியிடம் உண்மையைச் சொல்லி முடித்திருந்தாள். போத்தல் போன நத்தாருக்கு, கிறிஸ்மஸ் பரிசாக, டோர்வலில் இருக்கும் அன்ரன் வீட்டுக்குப் போய்விட்டது.

அன்ரன் விமான நிலையத்தில் பயணப் பெட்டி ஏற்றி இறக்குகிறவன். நேர்மையான ஆள், அதனால்தான் அவனோடு கதைப்பது கஷ்டம். போத்தலைப் பற்றிக் கேட்டதும், "அது அருள்நேசன் அண்ணன் தந்ததெல்லோ. உங்களுக்கெப்பிடித் தெரியும்?" என்றான். பிறகு அவனுக்கே விளங்கியது. "அப்ப, நீங்க குடுத்தத அவர் எனக்குத் தந்தவரோ?" என்று முகம் வாடினான். வந்த வேலையை விட்டுவிட்டு அருள்நேசனின் நல்ல மனதைப் பற்றி நான் வக்கீல் மாதிரி வாதாட வேண்டியதாய்ப் போனது.

"எனக்குச் சீனி வருத்தம், அண்ணன். டொக்டர் ஒரு சொட்டும் தொடக் கூடாதெண்டிட்டார்" என்றான் அன்ரன். "அது லேபலும் இல்லாமப் பழைய வினாகிரி மாதிரிக் கிடந்திச்சு. எங்களோட எயார்போட்டில கிளீனிங் செய்யிற அல்போன்சம்மாக்குக் குடுத்தன். அவ வெங்காயமும் மிளகாயும் வினாகிரியில ஊற வெச்சு அச்சாறு போடுறவ."

அச்சாறு என்ற சொல்லைக் கேட்டதும் நான் சப்பாத்தை மறந்து வாசலுக்கு ஓடினேன். றஜனிதான் என்னைக் காருக்குள் ஏற்றினாள்.

அல்போன்சம்மாவின் வீடு எங்கள் வீட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளி. ஆற்றைத் தாண்டி லவாலுக்கும் பிறகு டோர்வலுக்குமாக நான் அலைந்து திரிந்தது கூப்பிடு தூரத்தில் இருந்த ஒரு போத்தலுக்காக. அவர் கதவைத் திறந்து, "வாங்க மனே, வாங்க" என்று பெற்ற மகனை அழைப்பது போல வாய் நிறைய வரவேற்றார். விசயத்தைச் சொன்னேன்.

"ஓம், ஓம், அந்த வினாகிரி! அப்பிடி ஒரு வினாகிரி நான் இந்தக் கனடாவில கண்டதில்ல. வாசம் எண்டா அப்பிடி ஒரு வாசம். புளிப்புத்தான் கொஞ்சம் காணாது, தேசிக்காய் விட்டுச் சரிக்கட்டினன். ஈஸ்டர் பூசைக்குப் பிறகு கோயில் மண்டபத்தில வெச்சன் மனே, சனம் அள்ளிக்கொண்டு போயிட்டு."

குட்டைப் போத்தல் அடுப்புக்குப் பக்கத்தில் நின்றது. அதற்குள் நல்லெண்ணெய். அச்சாற்றில் மிச்சம் ஒரு சின்னப் போத்தல், அவர் தனக்கென்று ஒளித்து வைத்தது. என் முகத்தைப் பார்த்துவிட்டு, ஏன் எதற்கு என்று கேட்காமல் அதை என் கையில் வைத்தார். எண்ணெயை வேறு போத்தலுக்கு மாற்றி, அந்தக் குட்டைப் போத்தலையும் கழுவித் தந்தார்.

வெறும் போத்தல் கையில் வந்ததும் எனக்குள் ஒரு களவாணி எழும்பினான். எங்கள் களஞ்சியத்தில் அர்மானின் புதிய மஞ்சள் வைன் இருக்கிறது. அதை இதற்குள் ஊற்றி, மெழுகுதிரியை உருக்கி வாயை அடைத்தால் யாருக்குத் தெரியும்? ஒரு போத்தல் வாங்கி வந்தேன். புனலும் மெழுகுதிரியும் குசினி மேசையில் தயார். றஜனி கையைக் கட்டிக்கொண்டு பார்த்தாள்.

"செய்யுங்க. ஆனா அந்த மனுசன் அத வாயில வெச்சிட்டு அப்பாவ நினைச்சு அழக்குள்ள, நீங்க எந்தப் பக்கம் பாப்பீங்க?"

நான் புனலைக் கழுவி உள்ளே வைத்தேன். அப்போதுதான் எனக்குச் சரியாக உறைத்தது. இவ்வளவு நேரமும் நான் ஓடித் திரிந்தது என் மானத்துக்காக. போனது என் மானம் இல்லை, அவருடைய அப்பா.

சனிக்கிழமை அர்மான் வந்தார். முதுகு வளைந்திருந்தது. அதே கோட்டு இப்போது அவருக்குப் பெரிதாக இருந்தது. றஜனிக்கு இரண்டு கன்னத்திலும் முத்தம் கொடுத்து, மேசையில் உட்கார்ந்து, கண்ணால் போத்தலைத் தேடினார். நான் கழுவின வெறும் போத்தலை அவர் முன்னால் வைத்தேன். வைத்துவிட்டு நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். அலுமாரி, லவால், டோர்வல், அல்போன்சம்மா. என் குசினிப் பிரெஞ்சில் மன்னிப்புக்கு நல்ல சொற்கள் இல்லை. தெரிந்ததெல்லாம் கோயில் சாமான்கள்தான். மன்னிப்பு என்ற ஒரே சொல்லைத் திரும்பத் திரும்பச் சொன்னேன். அவர் வெறும் போத்தலை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். முடிந்ததும் ஒரு கேள்விதான் கேட்டார்.

"தக்கையை எப்படித் திறந்தாள்?"

"கத்தியால உள்ளுக்குத் தள்ளினவவாம்."

அர்மான் கண்ணை மூடிக்கொண்டார். ஏசுவார், எழும்பிப் போவார் என்று நான் காத்திருந்தேன். எழும்பிப் போயிருந்தால்கூட எனக்கு இலகுவாக இருந்திருக்கும். அவர் கண்ணைத் திறக்காமலே பேசினார்.

"ஒவ்வொரு நத்தாருக்கும் ஒன்றை நிலவறையிலிருந்து எடுத்து வருவேன், சவிரி. மேசையில் வைப்பேன். ஒன்று குறைந்துவிடுமே என்று பயந்து திரும்பக் கொண்டு போய் வைப்பேன். அப்பாவும் அதைக் குடிக்கவில்லை. நானும் குடிக்கவில்லை. ஒரு தடவைகூட. பிறகு எல்லாவற்றையும் விற்றேன்." கண்ணைத் திறந்து, "அந்த அச்சாற்றை எத்தனை பேர் சாப்பிட்டிருப்பார்கள்?" என்று கேட்டார்.

"ஈஸ்டர் பூசைக்கு வந்த சனம் முழுக்க."

"முழுக்கவா?" என்றார். வாய் சிரிக்கப் பார்த்தது, முடியவில்லை. "மிச்சத்தைக் கொண்டு வா."

றஜனி அச்சாற்றைக் கொண்டு வந்தாள். சின்ன வெங்காயம், பச்சை மிளகாய், அரைத்த கடுகு. அவர் முள்ளுக்கரண்டியால் ஒரு வெங்காயத்தை எடுத்து மென்றார். முகம் சிவந்தது, இருமினார், றஜனி தண்ணீர் கொடுத்தாள். அதை விலக்கிவிட்டு, எங்கள் வீட்டின் இரண்டு நல்ல கிளாசையும் கேட்டார். அச்சாற்றுப் போத்தலைச் சரித்து, கரண்டியால் வெங்காயத்தைத் தடுத்துக்கொண்டு, அடியில் கிடந்த தண்ணியை இரண்டு கிளாசிலும் சமமாக வடித்தார். ஆளுக்கு ஒரு வாய்கூட இராது. கடுகுத் தூள் மிதந்தது. "சேர்ந்து குடிப்போம் என்றுதானே சொன்னேன்" என்றார்.

மண்டபத்தில் செய்வது போலவே கிளாசைச் சுழற்றினார். மணந்தார். வாயில் விட்டு, விழுங்காமல் நெடுநேரம் வைத்திருந்தார். நானும் குடித்தேன். நாக்கு பற்றி எரிந்தது, கண்ணில் தண்ணீர் கொட்டியது. மரியாதைக்காகத் துடைக்காமல் இருந்தேன். அவர் ஏதாவது சொல்வார், அப்பா தெரிகிறார் என்று சொல்வார், அதைக் கேட்டால் என் நெஞ்சு ஆறும் என்று அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அவர் விழுங்கினார்.

"மிளகாய்தான் தெரிகிறது, சவிரி" என்றார். பிறகு கிளாசை நீட்டி, "இன்னும் கொஞ்சம் ஊற்று" என்றார்.

நான் வெங்காயத்தைக் கரண்டியால் தடுத்துக்கொண்டு அச்சாற்றுப் போத்தலைக் கவிழ்த்தேன். ஒரு சொட்டும் விழவில்லை. தட்டிப் பார்த்தேன். றஜனி என் கையிலிருந்து அதை வாங்கினாள். உள்ளே மிச்சமிருந்த வெங்காயங்களைக் கைநிறைய அள்ளி, அவருடைய கிளாசுக்கு மேல் பிடித்து, இறுக்கிப் பிழிந்தாள்.